செதில் உரிந்த தங்கமீனுக்கு மஞ்சள் பூசலாமா?

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் 2 அடித் தொட்டி, அதில் 3 தங்கமீன், கண்ணாடியைத் துப்புரவாக்கவென்று வாங்கிவிட்ட ஒரு டேங்க் கிளீனர் மீன். காலையில் லைட்டைப் போட்டுப் பார்த்தால் பெரிய தங்கமீனின் இடப்பக்கத்தில் 5 ரூபாய்க் குற்றி அளவுக்குச் செதிலே இல்லை. தோல் சிவந்து கிடக்கிறது, வால் செட்டையின் ஓரமும் கிழிந்திருக்கிறது. மீன் மூலையில் ஒதுங்கி நிற்கிறது. பக்கத்து வீட்டு மாமி மஞ்சள் பூசச் சொல்கிறார். மீன் விற்கும் இடத்தில் ஒரு நீல மருந்துப் போத்தலும், உடைத்துத் தூளைத் தொட்டியில் கொட்டும்படி 2 கப்சூலும் தந்திருக்கிறார்கள். மகள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுகிறாள். எதைச் செய்வது?

முதலில் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் தம்பி. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால் இது பிழைக்கக்கூடிய காயம். வயிறு கிழியவில்லை, கண் தெளிவாக இருக்கிறது, மீன் நிமிர்ந்துதான் நிற்கிறது. இதைவிட மோசமாக அடிபட்ட மீன்கள் என் வீட்டில் பிழைத்திருக்கின்றன. இதைவிடச் சின்னக் காயத்தோடு செத்தவையும் உண்டு. அப்படிச் செத்தவற்றில் பலதை நான்தான் மருந்து போட்டுக் கொன்றேன் என்று இப்போது தெரிகிறது. அதனால் மஞ்சள், நீலம், கப்சூல் மூன்றையும் இன்றைக்கு அலமாரியில் வைத்துவிடுங்கள். தேவையானது குசினியில் கொஞ்சமும் கிணற்றில் மிச்சமும் இருக்கிறது.

அதற்கு முன் குற்றவாளியைப் பிடிப்போம். என் சந்தேகம் டேங்க் கிளீனர்மேல்தான். குஞ்சாக வாங்கும்போது அது பாசி தின்னும், சாது. வளர வளரப் பாசி போதாது. தொட்டியில் விட்டதே தெரியாமல் ஒரு அடிக்கு மேல் வளரக்கூடிய மீன் அது. இரவில் லைட் அணைந்ததும், அசையாமல் தூங்கும் தங்கமீனின் தட்டையான பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு, உடம்பின் வழுவழுப்பை உறிஞ்சும். செதிலும் கூடவே உரியும். மற்ற மீன் கொத்தினால் செட்டை கிழியும், இரண்டொரு செதில் அங்கங்கே போகும். வட்டமாக, ஒரே இடத்தில், விலாவில், அதுவும் இரவோடு இரவாக உரிந்திருந்தால் ஒட்டி உறிஞ்சிய வாயைத்தான் தேட வேண்டும். இன்றிரவே அதை வேறு வாளிக்கு மாற்றுங்கள். காயப்பட்ட மீனை எடுத்துவிட்டு அதைத் தொட்டியில் விட்டால், நாளை மற்ற இரண்டில் ஒன்றில் போய் ஒட்டும். வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள், காசு தராவிட்டாலும் பரவாயில்லை. பாவம் என்று கந்தளாய்ப் பக்கம் போகும்போது குளத்தில் விட்டுவிடாதீர்கள். வீட்டுத் தொட்டிகளிலிருந்து வெளியே போன இந்த மீனும் கத்தி மீனும் இலங்கையின் குளங்களில் பெருகி, அங்குள்ள மீனுக்கும் வலைக்காரருக்கும் தொல்லையாகிவிட்டன.

வால் கிழிந்ததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். படத்தில் பின்னால் வெள்ளையாகத் தெரிவது பவளப்பாறைத் துண்டுதானே? நம் ஊரில் பாதித் தொட்டிகளில் இது இருக்கிறது. கடற்கரையில் கிடந்தது, அழகாக இருந்தது, கொண்டுவந்தேன் என்பார்கள். அதன் விளிம்பு அரம்போல. பயந்து ஓடும் மீனின் செட்டை அதில் பட்டால் கிழியாமல் என்ன செய்யும்? போதாததற்கு அது சுண்ணாம்புக் கல். தண்ணீரில் மெல்லக் கரைந்து, ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும். இலங்கையில் பவளம் எடுப்பதே சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லி வைக்கிறேன். நம் கடலில் உள்ள புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்க முடியாது. தொட்டிக்கு உருண்டைக் கூழாங்கல் போதும். பிளாஸ்டிக் செடி வைத்திருந்தால், ஒரு பழைய நைலோன் காலுறையை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் செட்டையும் சிக்கும்.

இனி மீனிடம் வருவோம். மீனின் உடம்பைத் தொட்டால் வழுக்குகிறதே, அந்த வழுவழுப்புத்தான் அதற்குத் தோல்மேல் தோல். கிருமி ஒட்டாமல் காப்பது அது. நன்னீர் மீனின் இரத்தத்தில் 1 லீற்றருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்பு இருக்கிறது, வெளியே உள்ள தண்ணீரில் அநேகமாக இல்லை. உப்பு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் ஊறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதன்படி மீனுக்குள் எந்நேரமும் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், மீனும் ஓயாமல் அதைச் சிறுநீராக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். தோல் முழுதாக இருக்கும்வரை இந்த வேலை சமாளிக்கக்கூடியது. 5 ரூபாய் அளவுக்கு ஓட்டை விழுந்தால், அடியில் ஓட்டை விழுந்த வள்ளம்தான். தண்ணீர் உள்ளே வர வர இறைக்க வேண்டும், உப்பும் வெளியே கசிந்துபோகும். காயப்பட்ட மீன் களைத்து மூலையில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். காயத்தை மூடும் வேலையை மீனே செய்துகொள்ளும். இறைக்கும் வேலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பதும் தண்ணீரைச் சுத்தமாக வைப்பதும் நம்முடைய பங்கு.

அதற்கு ஒரு தனி இடம் வேண்டும். புதிதாகத் தொட்டி வாங்கத் தேவையில்லை. 30 லீற்றர் பிடிக்கும் பிளாஸ்டிக் பேசன் ஒன்று, சவர்க்காரம் படாதது, எடுத்து 20 லீற்றர் தண்ணீர் விடுங்கள். அளந்து விடுங்கள், உப்புக் கணக்குக்கு இது தேவை. குடிதண்ணீர்ப் போத்தலால் அளந்தால் சரி. பேசனுக்குள் கல், மணல், செடி எதுவும் வேண்டாம். வெறும் அடி இருந்தால்தான் கழிவும் மிஞ்சிய சாப்பாடும் கண்ணுக்குத் தெரியும். ஒளிந்துகொள்ள ஒரு பூச்சட்டியைச் சாய்த்து வைக்கலாம், விளிம்பு மழுங்கலாக இருக்க வேண்டும். ஒரு ஏயார் பம்ப். பெரிய தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பொஞ் பில்ட்டர் இருந்தால் அதையே தூக்கி இங்கே போடுங்கள், கழுவாமல். அந்த அழுக்கில்தான் மீனின் கழிவைச் செரிக்கும் நல்ல பக்டீரியா இருக்கிறது. பேசனை வெயில் விழாத, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் வைத்து, மேலே வலைத்துணி கட்டிவிடுங்கள். பூனை உள்ள தெருவா என்று கேட்கவே தேவையில்லை, திருகோணமலையில் பூனை இல்லாத தெரு எது?

மீனைப் பிடிக்கக் கைவலை வேண்டாம். வலையின் முடிச்சு, மிஞ்சியிருக்கும் செதிலையும் சுரண்டும். அகன்ற வாயுள்ள ஒரு கிண்ணத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மீனை மெதுவாக அதற்குள் ஒதுக்கி, தண்ணீரோடு தூக்குங்கள். கையால் தொட்டே ஆக வேண்டும் என்றால் கையை முதலில் நனையுங்கள். காய்ந்த கை மீனுக்குச் சுடும் என்று என் ஆச்சி சொல்வார். அவர் சொன்ன காரணம் பிழை, செய்யச் சொன்னது சரி. காய்ந்த கை வழுவழுப்பைத் துடைத்தெடுத்துவிடும்.

எந்தத் தண்ணீர்? பேசனுக்கு முதல் தண்ணீரை மீன் நிற்கும் தொட்டியிலிருந்தே பாதி எடுங்கள், மிச்சம் புதுத் தண்ணீர். உங்கள் வீட்டில் கிணறு என்கிறீர்கள். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? படிந்தால் கடினமான தண்ணீர். தங்கமீனுக்கு அது பிரச்சினையில்லை, அதற்குப் பிடிக்கும்கூட. ஆனால் மோட்டர் போட்டு இறைத்த கையோடு ஊற்றக்கூடாது. ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஒட்சிசன் குறைவாக இருக்கும். ஒரு இரவு வாளியில் வைத்து ஏயார் விட்டுப் பிறகு பாவியுங்கள். குழாய்த் தண்ணீர் பாவிப்பவர்களுக்குக் குளோரின்தான் எதிரி. அகன்ற பாத்திரத்தில் 24 மணித்தியாலம் திறந்து வைத்து ஏயார் விட்டால் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து மீன் விற்கும் இடங்களில் உண்டு, அது மட்டும் வாங்குவதற்குத் தகுதியான போத்தல்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். நாளுக்கு ஒரு தடவை, பேசனில் 8 லீற்றரை எடுத்துவிட்டுப் புதிதாக 8 லீற்றர் விடுங்கள். தவறவே கூடாது. மீன் மூச்சுவிடும் பூவிலிருந்து எந்நேரமும் அமோனியா வெளியாகிறது. (மீன் சந்தையில் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்போமே, அந்தப் பூத்தான்.) அமோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும், ஒன்று அவ்வளவு கெடுதல் இல்லாதது, மற்றது விஷம். தண்ணீரின் காரத்தன்மையும் (பி.எச். என்று அளப்பது அதைத்தான்) வெப்பமும் கூடக் கூட விஷப் பங்கு ஏறும். பி.எச். 7, வெப்பம் 25 பாகை என்றால் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷமாக இராது. பி.எச். 8, வெப்பம் 30 பாகை என்றால் 7 பங்குக்கு மேல். கடினமான கிணற்றுத் தண்ணீரும் நம்முடைய சூடும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அந்த இரண்டாவது கணக்குத்தான். வெளிநாட்டில் ஒருவர் 3 நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போதும் என்று எழுதியிருப்பார், அவருடைய ஊரில் அது உண்மையாகவும் இருக்கும். இங்கே செய்தால் காயம் ஆறுமுன் பூ வெந்துவிடும்.

சூடு என்ன செய்யும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு யூலை மாதம், கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம், செட்டை கிழிந்த ஒரு ஒரண்டாத் தங்கமீனைப் பேசனில் விட்டுத் தகரக் கூரை போட்ட விறாந்தையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். நடுவில் கரண்ட் போய், ஏயார் பம்ப் நின்று, நான் பின்னேரம் வரும்போது தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மீன் மேலே வாயைத் திறந்தபடி மிதந்தது. காயம் அப்படியேதான் இருந்தது, மீன் செத்தது காயத்தால் அல்ல. சூடான தண்ணீர் ஒட்சிசனைக் குறைவாகத்தான் பிடித்து வைக்கும். 25 பாகையில் 1 லீற்றரில் 8 மில்லிகிராம் அளவு நிற்கும், 35 பாகையில் 7-க்கும் கீழே. மீனுக்கோ சூட்டில் தேவை கூடும். இப்போதெல்லாம் மின்கலத்தில் ஓடும் சின்ன ஏயார் பம்ப் ஒன்றை வைத்திருக்கிறேன். அது இல்லாதவர்கள், கரண்ட் இல்லாத நேரத்தில் ஒரு கோப்பையால் பேசன் தண்ணீரை அள்ளி ஒரு அடி உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றலாம். கால் மணிக்கு ஒருமுறை நாலைந்து கோப்பை.

சூட்டைப் பற்றி இன்னொன்று. இணையத்தில் பார்த்தால் காயப்பட்ட மீனுக்கு ஹீற்றர் போட்டுச் சூட்டைக் கூட்டு என்று இருக்கும். குளிர்நாட்டுக்காரர் சொன்னது அது. நம் ஊரில் மே மாதத்துக்குப் பிறகு தொட்டித் தண்ணீர் கன்னியா வெந்நீர்க் கிணற்றை எட்டிப் பிடிக்கப் பார்க்கும், இதில் ஹீற்றர் வேறா? தங்கமீன் குளிர்ந்த தண்ணீர் மீன், 20 முதல் 24 பாகை வரை அதற்குச் சுகம். நமக்கு அது கிடைக்காது, 28-இல் நிறுத்தினாலே பெரிய காரியம். ஒரு போத்தலில் தண்ணீரை உறையவைத்து, மூடியை இறுக்கிப் பேசனில் மிதக்கவிடலாம். ஒரேயடியாகக் குளிர வைக்காமல், இரண்டு பாகை இறங்கியதும் எடுத்துவிடுங்கள். ஐஸ் கட்டியை நேரே போட வேண்டாம்.

இனி உப்பு. இறைக்கும் வேலையைக் குறைக்கிறோம் என்றேனே, அதற்குத்தான் இது. வெளித்தண்ணீரில் கொஞ்சம் உப்பு ஏறினால் உள்ளே ஊறுவது குறையும், மீனின் உப்பு கசிவதும் குறையும். சில கிருமிகளுக்கும் பூஞ்சைக்கும் உப்பு பிடிக்காது என்பது மேலதிக இலாபம். 1 லீற்றருக்கு 3 கிராம் வரை போகலாம், ஆனால் ஒரே தடவையில் அல்ல. 20 லீற்றர் பேசனுக்கு இன்று காலை 20 கிராம், பின்னேரம் 20 கிராம், நாளை காலை 20 கிராம். வேறு கோப்பையில் கரைத்து, மீனிலிருந்து தள்ளி மெதுவாக ஊற்றுங்கள். உப்புக் கட்டி அடியில் கிடந்தால் மீன் அதன்மேல் போய்ப் படுக்கும், காயத்தில் உப்பு வைத்த கதைதான். கரண்டிக் கணக்கு வேண்டாம். கல் உப்பு ஒரு மேசைக்கரண்டியும் தூள் உப்பு ஒரு மேசைக்கரண்டியும் ஒரே நிறையல்ல. வீட்டில் தராசு இல்லாவிட்டால், பலசரக்குக் கடையில் 20 கிராமாக நாலைந்து பொட்டலம் நிறுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். அயடின் சேர்த்த உப்பு மீனைக் கொல்லும் என்று ஒரு கதை உலாவுகிறது. அதில் இருக்கும் அயடின் அளவு மிகச் சிறிது, கொல்லாது. இருந்தாலும் வேறெதுவும் சேராத கல் உப்பு கிடைத்தால் அதுதான் என் விருப்பம்.

உப்புவெளி என்று ஊர்ப்பெயரே இருக்கும் இடத்தில் உப்புக்குத் தராசு தேடுவதா, ஒரு வாளி கடல் தண்ணீரை ஊற்றினால் என்ன என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கணக்குப்படி சரிதான். கடலில் 1 லீற்றருக்கு 35 கிராம் அளவு உப்பு, 10 லீற்றர் நன்னீரில் 1 லீற்றர் கடல்நீர் விட்டால் 3 கிராமுக்குக் கிட்ட வரும். ஆனால் கரையோரம் அள்ளும் தண்ணீரில் எண்ணெயும் அழுக்கும் கூட வரும். அவருக்கு வேண்டாம் என்றேன், உங்களுக்கும் அதேதான்.

உப்பு ஆவியாகாது என்பதை மறக்க வேண்டாம். தண்ணீர் வற்றிக் குறைந்திருந்தால் உப்பில்லாத தண்ணீர்தான் விட வேண்டும். எடுத்துக் கொட்டிய 8 லீற்றருக்குப் பதிலாக விடும் தண்ணீரில் மட்டும் 24 கிராம் கரையுங்கள். இந்த உப்பைப் பெரிய தொட்டியில் போடாதீர்கள், செடி கருகும். இதை வாசிக்கும் வேறு யாராவது கொறிடோரஸ், லோச் போன்ற வழக்கமான செதில் இல்லாத மீன்களுக்குச் செய்வதாக இருந்தால் 1 கிராமோடு நிறுத்துங்கள். மொலி, கப்பிக்குப் பயமில்லை.

முதல் நாள் சாப்பாடு வேண்டாம். இரண்டாம் நாளிலிருந்து வழக்கத்தில் கால்வாசி. அவித்துத் தோல் நீக்கிய பச்சைப் பட்டாணி ஒன்றை நசுக்கிக் கொடுக்கலாம். 10 நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். மகள் பாசத்தில் ஒரு பிடி போட்டுவிடுவாள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி விட்டால் என்ன நடக்கும்? இரண்டு, மூன்று நாளில் சிவப்பு மங்கி, காயத்தின்மேல் மெல்லிய வெண்படலம் ஒன்று தெரியும். பளிங்குபோல் ஒட்டி மினுங்கினால் அது புதுத்தோல், தொடாதீர்கள். ஒரு கிழமையளவில் கிழிந்த வாலின் ஓரத்தில் கண்ணாடிபோல் நிறமில்லாத ஒரு விளிம்பு வளரும். அது பிறகு நிறம் பிடிக்கும். செதில் திரும்ப வர வாரக்கணக்கில் ஆகும், வந்தாலும் வரிசை கொஞ்சம் பிசகி, வேறு மினுக்கத்தோடு இருக்கலாம். காயத்தைச் சுற்றிக் கறுப்பு படர்ந்தால் பயந்து கத்தாதீர்கள். தங்கமீனுக்குப் புண் ஆறும்போது கறுப்பு வருவது வழக்கம், பிறகு மெல்ல மறையும். கறுப்பைப் பார்த்து மீன் அழுகுகிறது என்று நினைத்து, ஆறிக்கொண்டிருந்த மீனை மருந்தில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

பயப்பட வேண்டிய வெள்ளை இரண்டு உண்டு. ஒன்று பஞ்சு. காயத்திலிருந்து இழை இழையாக, தண்ணீரில் அசைந்தாடும் வெண்பஞ்சு. இது பூஞ்சை, செத்த சதையில் பிடிக்கும், மெல்லப் பரவும். மற்றது சாம்பல் கலந்த வெள்ளையோ இளமஞ்சளோ, தட்டையாக, ஓரம் சிவந்து, பெரும்பாலும் வாயைச் சுற்றியோ முதுகில் சேணம் போட்டதுபோலவோ வரும். பார்த்தால் பஞ்சுபோலத்தான் இருக்கும், ஆனால் பக்டீரியா. கொலம்னாரிஸ் என்பார்கள். சூட்டில் இது காட்டுத்தீ, ஒரு நாள் இரண்டு நாளில் மீனை முடித்துவிடும். ஹீற்றர் போடாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம். காலையில் பார்த்ததைவிடப் பின்னேரம் பெரிதாக இருந்தால் பஞ்சு என்று நம்பி உட்கார வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் போங்கள். மாடும் நாயும் பார்ப்பவர்தான், மீனைக் கண்டதும் சிரிக்கலாம். ஆனாலும் எந்த அன்ரிபயொடிக், எவ்வளவு, எத்தனை நாள் என்று சொல்லும் தகுதி அவருக்குத்தான் உண்டு. அவருக்கும் சிக்கலாகத் தெரிந்தால், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்தில் யாரிடம் கேட்கலாம் என்று விசாரித்துச் சொல்வார்.

பூஞ்சை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அலமாரியிலிருந்து நீலத்தை எடுக்கலாம். மெதிலீன் புளூ நல்ல மருந்து, பேசனில் மட்டும். பெரிய தொட்டியில் ஊற்றினால் பில்ட்டரில் உள்ள நல்ல பக்டீரியாவைக் கொன்றுவிடும், கண்ணாடி ஒட்டும் சிலிக்கன் ஆயுளுக்கும் நீலமாக நிற்கும். பேசனிலும் ஸ்பொஞ்சை வெளியே எடுத்துப் பழைய தொட்டிக்கு அனுப்பிவிட்டே போடுங்கள். ஸ்பொஞ் போன பிறகு தண்ணீர் மாற்றுவதில் ஒரு நாளும் பிந்தக்கூடாது. அளவை லேபலில் பாருங்கள். செறிவும் அளவும் எழுதாத, கையால் நிரப்பிய போத்தல் என்றால் அது எனக்கு மருந்தில்லை, சாயம்.

காயம் அழுக்காகவோ பஞ்சு பிடித்தோ இருந்தால் பொவிடோன் அயடினை ஒரே ஒரு தடவை தொட்டுவைக்கலாம். பார்மசியில் கிடைக்கும் 10 வீதக் கரைசலில் 1 பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு கலந்து வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியில் மீனைக் கிடத்தி, துணியின் ஒரு மடிப்பால் கண்ணை மூடி, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் தோய்த்துக் காயத்தில் மட்டும் ஒற்றி, உடனே தண்ணீருக்குள். எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். செவுள் பக்கம் ஒரு சொட்டும் வழியக்கூடாது. உங்கள் மீனுக்கு இப்போது இது தேவையில்லை. சிவப்பு மட்டும் தெரியும் சுத்தமான காயத்துக்காக மீனைத் தூக்கி எடுப்பதே இன்னொரு காயம்.

கப்சூலைப் பற்றி எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 20 வயதில், இதேபோல ஒருவர் சொன்னார் என்று டெட்ராசைக்ளின் கப்சூல் நாலை உடைத்து 3 அடித் தொட்டியில் கொட்டினேன். தண்ணீர் தேத்தண்ணி நிறமாகி மேலே நுரை கட்டியது. 4 நாளில் 11 மீன் போயின. காயப்பட்ட மீன் கடைசியாகத்தான் செத்தது. பிறகுதான் புரிந்தது, அந்த மருந்து கடினத் தண்ணீரில் உள்ள கல்சியத்தோடும் மக்னீசியத்தோடும் பிணைந்துவிடும், மீனுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். நம் கிணற்றுத் தண்ணீரில் கேட்கவே வேண்டாம். மீனைக் காக்காமல் பில்ட்டரைச் சாகடித்துவிட்டு, கொட்டிய பிறகு வாய்க்காலில் உள்ள கிருமிகளுக்கு மருந்துக்கு அஞ்சாத பயிற்சியும் கொடுத்துவிடும்.

மாமியின் மஞ்சளை நான் பழிக்கவில்லை. நமக்குப் பூசினால் அது காயத்திலேயே நிற்கும். மீன் தண்ணீருக்குள் இருக்கிறது, பூசியது ஒரு நிமிடத்தில் கழன்றுவிடும். மஞ்சள் தண்ணீரில் கரையாது, தூள் அப்படியே மிதந்து பூவில் போய் அடைக்கும். மாமியிடம் நல்லவிதமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். வேப்பிலை அவித்த தண்ணீரும் வேண்டாம், அளவு மீறினால் மீனுக்கு நஞ்சு. கொண்டீஸ் என்று சொல்லும் பொட்டாசியம் பெர்மாங்கனேற்று மில்லிகிராம் கணக்கில் நிறுக்க வேண்டிய மருந்து, சிட்டிகைக் கணக்கில் போடுபவர்கள் பூவை எரித்துவிடுவார்கள். பேசனில் ஒரு காய்ந்த கொட்டம்பா இலை போட்டால் ஆட்சேபமில்லை. தண்ணீர் கொஞ்சம் பழுப்பாகும், மீன் அமைதியாக இருக்கும். அதுவே காயத்தை ஆற்றும் என்று எண்ணி உப்பையும் தண்ணீர் மாற்றத்தையும் விட்டுவிடாதீர்கள்.

வேறு காயங்களோடு வாசிப்பவர்களுக்கு இரண்டு வரி. ஒரு கண் மட்டும் வீங்கி வெளியே வந்தால் பெரும்பாலும் இடிபட்டது, இதே உப்பும் சுத்தத் தண்ணீரும் போதும். இரண்டு கண்ணும் வந்தால் தண்ணீரிலோ மீனுக்குள்ளோ கோளாறு. தொட்டியிலிருந்து பாய்ந்து தரையில் கிடந்த மீன், பூ அசைந்துகொண்டிருந்தால், தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து மண்ணை அலசிவிட்டு நேரே பேசனுக்கு. காய்ந்து ஒட்டிய தூசியைக் கையால் உரிக்க வேண்டாம், தானாக ஊறிக் கழரும்.

சில மீன் பிழைக்காது. வயிறு கிழிந்து குடல் தெரிந்தாலோ, புரண்டு கிடந்து நாட்கணக்கில் சாப்பிடாமல் மூச்சுக்குத் தவித்தாலோ, வைத்துக்கொண்டு பார்ப்பது நம் ஆறுதலுக்காகத்தான். உயிரோடு கழிவறையில் ஊற்றுவதும் குளிர்ப்பெட்டியில் உறைய வைப்பதும் கொடுமை. கறாம்பு எண்ணெய் பார்மசியில் கிடைக்கும். 1 லீற்றர் தொட்டித் தண்ணீருக்கு அரை மில்லிலீற்றர், அதாவது 10 சொட்டளவு. எண்ணெய் தண்ணீரில் நேரே கலக்காது, சின்னப் போத்தலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு பால்போல் ஆகும்வரை குலுக்கி ஊற்றுங்கள். மீன் மயங்கி, பூ அசைவது நிற்கும். நின்ற பிறகும் அரை மணித்தியாலம் அப்படியே விடுங்கள். உங்களுக்கு இது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

ஒரு கிழமை, பத்து நாளில் காயம் மூடி, மீன் உங்களைக் கண்டதும் சாப்பாட்டுக்கு மேலே வரும். அப்போது உப்பில்லாத தண்ணீரால் மாற்றி மாற்றி இரண்டு, மூன்று நாளில் உப்பைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். அதற்குள் பவளத்தை எடுத்து, பெரிய தொட்டியில் உள்ள கற்களை இடம் மாற்றி வையுங்கள். பழைய இடத்துக்கு உரிமை கொண்டாடும் மீன்கள் கொஞ்சம் குழம்பி நிற்கும். லைட்டை அணைத்துவிட்டுப் பின்னேரத்தில் விடுங்கள். மற்ற இரண்டும் அன்று நன்றாகச் சாப்பிட்டிருக்கட்டும்.

டேங்க் கிளீனரைத் திருப்பிக் கொடுத்தால் கண்ணாடியில் பாசி பிடிக்குமே என்று கேட்பீர்கள். பிடிக்கும். புதுப் பல்துலக்கும் பிரஷ் ஒன்று, பற்பசை படாதது, வாங்கி மகளிடம் கொடுத்துப் பாருங்கள்.